மாசிலாமணியின் வசனம்

மார்ச் 4, திங்கள்

மகளுடைய கம்பெனியில் புது வருஷத்துக்கு அச்சடித்த டைரி இது. அட்டையில் சீரியல் பெயர் ‘பாக்கியம் வீடு’ தங்க எழுத்தில் மின்னுகிறது. இரண்டு மாதமாகப் பழைய செய்தித்தாள்கள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்தேன். இன்று பிரித்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் திண்டுக்கல்லில் பஸ் கண்டக்டராக இருந்தவன் எழுதிய ஒரே இலக்கியம் டிரிப் ஷீட். பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும்தான் பாஸ். ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

மகள் பெயர் இளவரசி. நான் பாப்பா என்பேன். பாப்பாவுக்கு முப்பத்திரண்டு வயது. அந்த சீரியலுக்குக் கதை, திரைக்கதை, வசனம், தயாரிப்பு எல்லாம் அவள்தான். வளசரவாக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் இருக்கும் ஃப்ளாட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பங்களாவை எடுத்து ஷூட்டிங் நடத்துகிறாள். அங்கே ஐம்பது பேருக்கு அவள் மேடம்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். தினமும் காலை ஏழு மணிக்குக் காபி போட்டு எடுத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார வேண்டும். லேப்டாப்பைத் திறந்துகொண்டு கேட்பாள்.

“அப்பா, அம்மா உங்க பஸ்ஸுல ஏறின அன்னிக்கு என்ன பண்ணீங்க?”

“அவளுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிச்சுக் குடுத்தேன்.”

“எல்லாரும் சிரிச்சாங்களா?”

“பஸ்ஸே குலுங்குச்சு. உங்கம்மாவும்தான் சிரிச்சா.”

டைப் அடித்துக்கொள்வாள். பத்து நாள் கழித்து அது டிவியில் வரும். சீரியலில் மாசிலாமணி என்று ஒரு கண்டக்டர், அவன் பெண்டாட்டி பாக்கியம். மாசிலாமணி வாயிலிருந்து வருவதெல்லாம் என் சரக்கு. என் பெயர் சௌந்தரபாண்டி என்பது தவிர எனக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அவனுக்குத் தலையில் முடி இருக்கிறது.

என் மனைவி தவமணி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த லக்கேஜ் டிக்கெட்டுக்குப் பிறகு அவள் என் பஸ்ஸில் ஏறியதில்லை. சந்தைக்கு நடந்தே போய் வந்தாள். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றாள்.

மார்ச் 5, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. முழங்கால் வலி. புதினாத் துவையல் அரைத்தேன், மிக்ஸி மூடியைப் போட மறந்து. சுவரும் நானும் ஒரே நிறம்.

மார்ச் 8, வெள்ளி

சீரியல் ஆரம்பத்தில் பெயர்கள் ஓடும்போது இன்றுதான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ‘எழுத்து, தயாரிப்பு: த. இளவரசி’ என்று இருக்கிறது. இருநூறு எபிசோடு ஓடிவிட்டது, ஒருத்தர் கவனிக்கவில்லை. சௌ. இளவரசி என்றல்லவா வர வேண்டும். உடனே ஃபோன் போட்டேன்.

“பாப்பா, உன் இனிஷியலத் தப்பாப் போட்டுட்டான் பாரு. ‘த’ன்னு இருக்கு.”

“தப்பு இல்லப்பா. தவமணி.”

“அப்ப நான் எங்க?”

“நீங்கதான் கதைப்பா. உள்ள இருக்கீங்க.”

இதைக் கீழ் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். மனுஷன் ஏனோ செருப்பைத் தேடினார்.

மார்ச் 11, திங்கள்

லிஃப்ட்டில் மூன்றாம் மாடி நிர்மலா டீச்சரும் இன்னொரு அம்மாளும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நேத்து பாத்தீங்களா? பொண்டாட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் குடுக்கறான் அந்த மாசிலாமணி. கட்டையில போறவன்.”

“அடிக்கிறவனக்கூட மன்னிச்சுடலாம் டீச்சர். இவன் சிரிச்சுக்கிட்டே பண்றான் பாருங்க.”

டீச்சர் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க சார். உங்க பொண்ணு எழுதறதுதானே. இப்படியெல்லாம் ஆம்பளைங்க இருப்பாங்களா?”

“மனுசனாங்க அவன்?” என்றேன். “நடுரோட்டுல நிக்க வெச்சுக் கேக்கணும்.”

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்தேன். பிறகு அந்த எபிசோடைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இத்தனை நாளும் மாசிலாமணியைக் காமெடி டிராக் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது கவனித்தால் பின்னணியில் வயலின் வாசித்திருக்கிறார்கள். லக்கேஜ் டிக்கெட்டுக்கு வயலின்.

மார்ச் 14, வியாழன்

வயலினைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

இங்கே பாப்பாவைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். மதுரையில் காலேஜில் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்கிறேன் என்று வந்து நின்றபோது, “டிவி ரிப்பேர் படிக்கப் போறியா?” என்று கேட்டேன். தெருவே சிரித்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது தவமணி. சென்னைக்கு வந்து ஒரு பெரிய வசனகர்த்தாவிடம் உதவியாளராகச் சேர்ந்தாள். ஏழு வருஷம் அவள் எழுதினாள், அவர் பெயர் வந்தது. ஊரில் யாராவது விசாரித்தால், “அவரு வீட்டுக்கு மாவு அரைக்குது” என்பேன். அதற்கும் சிரிப்பு கிடைத்தது. நமக்குச் சிரிப்பு கிடைக்காத நாள் கிடையாது.

பிறகு சொந்தக் கதையை எடுத்துக்கொண்டு சேனல் சேனலாக ஏறி இறங்கினாள். நாலு கதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஐந்தாவது தடவை நடந்ததை இன்றுதான், வயலினைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னாள்.

“‘வில்லி எல்லா சீரியல்லயும் இருக்கா, புதுசா ஒரு வில்லன் கொண்டு வா’ன்னாங்கப்பா. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், கத்தக்கூட மாட்டான், சிரிக்க வெச்சே ஆளக் கொல்லுவான்னு சொன்னேன். ‘அப்படி ஒருத்தன் இருப்பானா, நம்பற மாதிரி இல்லையே’ன்னாங்க. எனக்குத் தெரிஞ்சவர்தான்னேன்.”

“யாரு?” என்று கேட்டேன்.

பாப்பா காபியைக் குடித்து முடித்தாள். டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

நான் ‘யாரு’ என்று கேட்டதே ஒரு தமாஷுக்குத்தான்.

மார்ச் 18, திங்கள்

ரேட்டிங் இறங்கியிருக்கிறதாம். பாப்பா பாக்கியத்தைச் சாகடிக்கப் போகிறாள். அடுத்த வாரம் ஷூட்டிங்.

“எப்படிச் சாகறா?”

“எப்படி நடந்துச்சோ அப்படித்தான்ப்பா.”

பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. துடைத்தேன்.

அந்த சீன் வேண்டாம் என்று படுகிறது. காரணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காலையில் நான் டியூட்டிக்குப் போனேன், மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தேன், தவமணி மாரடைப்பில் போயிருந்தாள். இதில் எடுத்துக் காட்ட என்ன இருக்கிறது? சப்பென்று இருக்கும். சீரியல் நன்றாக இருக்க வேண்டுமே என்றுதான் சொல்கிறேன்.

மார்ச் 19, செவ்வாய்

நேற்று பூராவும் உட்கார்ந்து பாக்கியத்துக்கு வேறு சாவுகள் யோசித்தேன். காலையில் காபியோடு வைத்தேன்.

“லாரி அடிச்சுட்டா?”

“ரோட்டுல எடுக்க பெர்மிஷன் வாங்கணும்ப்பா.”

“பாம்பு?”

“போன மாசம்தான் வேற சீரியல்ல கடிச்சுது.”

“கோமாவுல போட்டுடு. எத்தனையோ பேரு வருசக்கணக்காப் படுத்திருக்காங்க, யாரும் எதுவும் கேக்கறதில்ல.”

“பாக்கியமா நடிக்கிற அக்கா வேற சீரியலுக்குப் போறாங்கப்பா. படுக்கவும் ஆள் இல்ல.”

“அப்ப ஆள மாத்து. ‘இனி இவருக்குப் பதில் இவர்’னு போடுவீங்கள்ல?”

பாப்பா டைப் அடிப்பதை நிறுத்தினாள்.

“அம்மாவுக்குப் பதில் வேற ஆளாப்பா?”

நான் டம்ளர்களைக் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 21, வியாழன்

சீன் பேப்பரைக் கையில் கொடுத்தாள். படித்துப் பாருங்கள், தப்பிருந்தால் சொல்லுங்கள் என்றாள். அப்படியே இங்கே எழுதுகிறேன்.

‘சீன் 14. மாசிலாமணி வீடு, அடுப்படி. காலை. பாக்கியம் மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மாசிலாமணி யூனிஃபார்மில், தோளில் பை.

பாக்கியம்: நெஞ்ச என்னமோ போட்டுப் பிசையுதுங்க. இன்னிக்கு ஒரு நாள் லீவு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?

மாசிலாமணி: இது பாயிண்ட் டு பாயிண்ட் வண்டி. நடுவுல ஆஸ்பத்திரியில எல்லாம் நிக்காது. வேணும்னா பின்னாடி வர்ற வண்டியில வா. ரைட், ரைட்.

(விசில் ஊதுகிறார். சிரித்துக்கொண்டே போகிறார்.)’

ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அடுப்படியில் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர்தான். பாப்பா அப்போது சென்னையில் இருந்தாள். நான் இதை எந்தக் காபியிலும் சொன்னதில்லை.

“இத யாரு உனக்குச் சொன்னா?”

“அம்மா என்கூட ஃபோன்ல பேசிட்டு இருந்தாங்கப்பா. ஸ்பீக்கர் போட்டு மேடையில வெச்சுட்டுத்தான் உங்ககிட்ட சொன்னாங்க. கட் பண்ணல.”

“அவளும் சிரிச்சாளே பாப்பா.”

“சிரிக்கல. நான் கேட்டுட்டே இருந்தேன்.”

பாப்பா லேப்டாப்பை மூடிவிட்டுத் தொடர்ந்தாள்.

“நீங்க போனப்புறம், ‘அப்பா தமாஷ் பண்றாரு, ஒண்ணுமில்ல, நீ வேலையப் பாரு’ன்னாங்க. நானும் சரின்னு வெச்சுட்டேன். அன்னிக்கு எனக்கு எட்டு சீன் எழுத வேண்டியிருந்துச்சு.”

எனக்கு ஒரே ஒரு நிம்மதி. அவளுக்குத் தெரிந்தது காலை மட்டும்தான். காலையோடு போகட்டும்.

மார்ச் 22, வெள்ளி

‘பாக்கியம் பிழைப்பாளா?’ என்று சேனலில் விளம்பரம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம். நிர்மலா டீச்சர் படியில் நிறுத்தி, “அந்தப் பாவி திருந்துவானா சார், அத மட்டும் சொல்லுங்க” என்றார். தெரியாது டீச்சர் என்றேன். தக்காளி அழுகல்.

மார்ச் 25, திங்கள்

பத்து மணிக்கு ஃபோன்.

“அப்பா, பங்களாவுக்கு வாங்க. பிராம்ப்டிங் குடுக்க ஆள் இல்ல. குமரவேல் சாருக்குத் தொண்டை கட்டிடுச்சு.”

பிராம்ப்டிங் என்பது சீரியல்காரர்களின் வேலை முறை. மாசிலாமணியாக நடிக்கும் சதானந்த் சார் கன்னடக்காரர், தமிழில் ஒரு எழுத்து தெரியாது. கேமராவுக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்றுகொண்டு வசனத்தைத் துண்டு துண்டாக உரக்கப் படிக்க வேண்டும். காதில் விழுவதை அவர் அப்படியே முகபாவத்தோடு திருப்பிச் சொல்வார். என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரியாது. பிறகு டப்பிங்கில் வேறு ஆள் குரல் கொடுத்துவிடுவார். வழக்கமாகப் படிப்பவர் இணை இயக்குநர் குமரவேல்.

“என்ன பாப்பா, நான் போயி…”

“ஐம்பது பேர் நிக்கற பஸ்ஸுல கடைசி சீட்டு வரைக்கும் கேக்கும்ல உங்க குரல். வாங்கப்பா.”

போனேன். வாசலில் குமரவேல் டீ வாங்கிக்கொண்டிருந்தார். “சக்கரை கம்மி, போன தடவை பாயசமாட்டம் இருந்துச்சு” என்று டீ கொடுப்பவரிடம் சொன்னது கேட் வரைக்கும் கேட்டது. என்னைப் பார்த்ததும் தொண்டையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். டீ குடித்ததில் குணமாகியிருக்கும்.

அடுப்படி செட் போட்டிருந்தார்கள். எங்கள் திண்டுக்கல் வீட்டு அடுப்படிதான். ஜன்னல் இடது பக்கம், அதே பச்சை டிஸ்டெம்பர். மேடையில் ஒரு பழைய பட்டன் ஃபோனைக்கூட வைத்திருந்தாள். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, சீன் 14 பேப்பரைக் கையில் கொடுத்தார்கள். பாப்பா மானிட்டருக்கு முன்னால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஆக்‌ஷன்.”

பாக்கியமாக நடிக்கிற அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் வசனத்தைச் சொன்னார். நன்றாகவே செய்தார். தவமணி அவ்வளவு செய்யவில்லை. அவள் மேடையை ஒரு கையால் பிடித்திருந்தாள், அவ்வளவுதான்.

என் முறை. பேப்பரைப் பார்த்தேன்.

“சரி, வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்று படித்தேன்.

“சரி, வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றார் சதானந்த் சார். என்ன அழகாகச் சொன்னார். குரல் லேசாக நடுங்கியது.

“நான் லீவு சொல்லிடறேன்.”

“நான் லீவு சொல்லிடறேன்.”

பாக்கியத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கேமரா ஓடுகிறதே என்று சதானந்த் சார் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்தார்கள்.

“செருப்ப மாட்டிக்க, மெதுவா” என்றேன். அதையும் சொன்னார்.

“கட்.”

பாப்பா எழுந்து வந்தாள். எல்லார் முன்னாலும் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. என் கையிலிருந்த பேப்பரில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்கருந்துப்பா.”

“இதுவும் நல்லாத்தானே இருந்துச்சு பாப்பா.”

“நல்லாருந்துச்சு. அன்னிக்கு அவர் இதச் சொல்லல.” திரும்பி, “ஒன் மோர்” என்றாள்.

படித்தேன். பாயிண்ட் டு பாயிண்ட் வண்டி. நடுவுல ஆஸ்பத்திரியில எல்லாம் நிக்காது. சதானந்த் சார் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார். விசிலும் ஊதினார். சிரிப்புதான் வரவில்லை, பாவம், எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாததால் வில்லன் சிரிப்பாகச் சிரித்துவிட்டார்.

“இல்ல சார், அப்படி இல்ல. ரொம்ப ஃப்ரெண்ட்லியா இருக்கணும்” என்றாள் பாப்பா. அவருக்குப் புரியவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“நீங்க சிரிச்சுக் காட்டுங்கப்பா.”

சிரித்துக் காட்டினேன். மூன்று தடவை. மூன்றாவது தடவையில் அவருக்கு வந்துவிட்டது. ஓகே ஆனது. குமரவேல்தான் முதலில் கை தட்டினார்.

மார்ச் 26, செவ்வாய்

ஏழு மணிக்குக் காபி. லேப்டாப்பைத் திறந்தாள். ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ‘சீன் 16. மாசிலாமணி வீடு. மத்தியானம்’ என்று இருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

“மத்தியானம் எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்.”

“என்ன தெரியணும்? வந்தேன், போயிருந்தா.”

“சேனல்ல மாசிலாமணியத் திருத்தச் சொல்றாங்க. ஜனங்களுக்கு அவன் மேல லேசா ஒரு இரக்கம் வரணுமாம், அப்பத்தான் இன்னும் இருநூறு எபிசோடு ஓட்டலாம்னு. அப்படியே எழுதிடறேன். பாதி வழியில மனசு கேக்காம பஸ்ஸ விட்டு எறங்கி ஓடி வர்றான். பாக்கியம் கீழ கெடக்கறா. தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுத் தெருவுல ஓடறான். ஆஸ்பத்திரி வாசல்ல உயிர் போகுது. சரியாப்பா?”

இது கிண்டல் இல்லை. எனக்குக் கிண்டல் தெரியும். நான் சரி என்றால் எழுதிவிடுவாள். டிவியில் வந்துவிட்டால் நிர்மலா டீச்சர் அழுவார். கொஞ்ச நாள் போனால் எனக்கே அப்படித்தான் நடந்தது என்று ஞாபகம் வந்துவிடும். பாப்பாவுக்கும் அது போதும் போலத்தான் இருந்தது. தலைப்புக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முகம் அவள் அம்மாவுடையது.

வாய் வரைக்கும் வந்த ‘சரி’யை முழுங்கிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. நேற்றுச் சிரித்துச் சிரித்து வாய் வலித்ததால் இருக்கலாம்.

“ரெண்டு மணிக்கு வந்தேன்” என்றேன். “அடுப்படியில சுவத்தப் பாத்துப் படுத்திருந்தா. காலையில பேசினதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கான்னு நெனச்சேன்.”

டைப் அடித்தாள்.

“எழுப்பல. தட்ட எடுத்து நானே போட்டுக்கிட்டேன். அவளுக்கு அந்தாண்ட உக்காந்துதான் சாப்ட்டேன். ‘என்ன, டெப்போவுல வண்டிய நிறுத்தியாச்சா’ன்னு கேட்டேன்.”

டைப் அடித்தாள்.

“மொதல் வாய் வெக்கும்போது அவ கை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. முதுகுப் பக்கம் இப்படித் தடவித் தேடுன மாதிரி. நடிக்கிறான்னு நெனச்சேன்.”

விரல்கள் நின்றன. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடி சத்தம் கேட்டது, ஒவ்வொரு எழுத்தாக.

“எவ்வளவு நேரம் சாப்ட்டீங்க?”

“காமணி நேரம் இருக்கும். கை கழுவிட்டு வந்து கால்ல தட்டினேன். அப்பத்தான் தெரிஞ்சுது.”

அவள் அழவில்லை. திட்டவுமில்லை. எழுதியதை ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை படித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

“தட்டுல வெக்க ப்ராப்பர்ட்டி ஆளுங்களுக்குச் சொல்லணும்” என்றாள். “என்ன குழம்பு?”

“கத்திரிக்காப் புளிக்குழம்பு. நல்லாருந்துச்சு. ரெண்டாவது தடவையும் போட்டுக்கிட்டேன்.”

அதையும் அடித்துக்கொண்டாள்.